வலைத்தளம் அமைத்தலும் காத்தலும்



சென்ற ஆண்டு மலர் வெளிவந்த வாரத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கணினி அறைக்கு வந்து நின்றாள். "டீச்சர், எங்க அப்பா லாரியில வடக்கே போயிட்டா திரும்பி வர மாசக்கணக்கு ஆகும். மலர்ல என் கவிதை வந்திருக்கு. அதை அவருக்கு எப்படிக் காட்டுறது? நம்ம மலரை வெப்சைட்டுல போட்டுட்டா அவர் போன்லயே பார்ப்பாருல்ல?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. "போடலாம் அம்மா. போட்ட பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது?" என்று நான் கேட்டேன். அவள் விழித்தாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது விடை தெரியவில்லை. அவளுடைய கேள்விக்கும் என்னுடைய கேள்விக்கும் சேர்த்து விடை சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

வலைத்தளம் என்றதும் ஏதோ பெரிய பொறியியல் வல்லுநர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்று எண்ணி நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அப்படியன்று. ஒரு வீட்டுக்கு மனை வேண்டும், கட்டடம் வேண்டும், ஊரார் அடையாளம் கண்டு வர ஒரு பெயர் வேண்டும். வலைத்தளத்துக்கும் இந்த மூன்றுதான் வேண்டும். இரவும் பகலும் ஓய்வின்றி இயங்கும் ஒரு கணினியில் நமக்கென்று சிறிது இடம், அதுவே மனை. அந்தக் கணினியைச் சர்வர் என்பர். அதில் நாம் வைக்கும் பக்கங்களே கட்டடம். பெயரை டொமைன் பெயர் என்பர்.

இந்த ஏற்பாட்டை உலகுக்குத் தந்தவர் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரை ஒட்டியுள்ள செர்ன் என்னும் அணு இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றியபோது 1989-ஆம் ஆண்டில் அவர் இதற்கான திட்டத்தை எழுதினார். அங்கே பல நாட்டு அறிஞர்கள் வந்து போவார்கள். ஒருவர் கணினியில் இருக்கும் குறிப்பை மற்றவர் படிப்பது பெரும்பாடு. அந்தத் தொல்லையைத் தீர்க்கப் பிறந்ததே வலை. 1991-இல் முதல் வலைத்தளம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று, இதை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அந்த ஆய்வகம் அறிவித்தது. அந்த ஒரு கையெழுத்து இல்லாவிட்டால் இன்று நாம் ஒவ்வொரு பக்கத்துக்கும் யாருக்கோ வரி கட்டிக்கொண்டிருந்திருப்போமோ என்னவோ! நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்டு 15 முதல் கிடைக்கத் தொடங்கியது.

முதலில் பெயரைப் பார்ப்போம். சேலத்தில் ஆட்டோவில் ஏறி "ஐந்து ரோடு" என்றால் போதும், கொண்டுபோய் விடுவார். அங்குள்ள கடையின் கதவிலக்கத்தைச் சொன்னால் அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் தபால்காரருக்கு இலக்கம்தான் வேண்டும். கணினிகளும் தபால்காரரைப் போன்றவையே. ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் உண்டு. பூச்சியம் முதல் 255 வரையுள்ள நான்கு எண்களைப் புள்ளி வைத்துப் பிரித்து எழுதுவது நெடுநாளைய வழக்கம். எண்கள் போதாமல் போகவே, இன்னும் நீளமான எண் முறையும் இப்போது புழக்கத்தில் உள்ளது. நாம் தட்டச்சிடும் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் பெயரேடு ஒன்று உலகெங்கும் பரவிக் கிடக்கிறது. டி.என்.எஸ். என்பது அதுதான்.

டொமைன் பெயரைப் பதிவு நிறுவனங்கள் மூலம் வாங்கலாம். 'டாட் காம்', 'டாட் ஆர்க்', நம் நாட்டுக்குரிய 'டாட் இன்' ஆகியவை பலரும் அறிந்த முடிவுகள். 'டாட் இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயரும் உண்டு. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூட அவ்வாறே தமிழில் உண்டு. 'வாங்குதல்' என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, உண்மையில் இது குத்தகை. ஓராண்டுக்கோ, அதிகமாகப் பத்தாண்டுக்கோ பணம் கட்டி வைத்துக்கொள்கிறோம். முதலாண்டில் ஆடித் தள்ளுபடி போல மிகக் குறைந்த விலை சொல்லி, இரண்டாம் ஆண்டில் பன்மடங்கு கேட்பதும் உண்டு. ஆகவே வாங்கும் விலையைக் கேட்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைக் கேளுங்கள்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில் பழைய மாணவியர் சங்கம் ஒன்றுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வலைத்தளம் தொடங்கினோம். ஓய்வுபெற்ற ஆசிரியைகளைச் சந்தித்துப் பேட்டி எடுத்தோம். நாற்பது ஆண்டுப் பழைய குழுப் படங்களைத் தேடிப் பிடித்து, படத்தில் இருப்பவர்களை ஒவ்வொருவராக அடையாளம் கண்டு எழுதினோம். பெயரைப் பதிவு செய்தது எங்களில் ஒருத்தி, தன் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து. அவளுக்குத் திருமணமாயிற்று, வெளிநாடு சென்றாள், அந்த மின்னஞ்சலைத் திறப்பதையே விட்டுவிட்டாள். 'புதுப்பிக்கவும், புதுப்பிக்கவும்' என்று வந்த கடிதங்கள் எல்லாம் யாரும் திறக்காத அந்தப் பெட்டியில் குவிந்தன. தவணை தப்பினாலும் உடனே பெயர் பறிபோய்விடாது. பொதுவாகச் சில வாரங்கள் அவகாசம் தருவார்கள். அதன் பின்பும் கூடுதல் கட்டணத்துடன் மீட்க ஒரு காலம் உண்டு. அதுவும் கடந்தால் உலகில் யார் வேண்டுமானாலும் அப்பெயரை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் திறந்து பார்த்தபோது எங்கள் ஆசிரியைகளின் முகங்கள் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் இருந்தது. பேட்டி கொடுத்தவர்களில் இருவர் அதற்குள் காலமாகியிருந்தனர். பேட்டியின் நகல் எங்கள் எவரிடமும் இல்லை. குற்றம் அந்தத் தோழியுடையது என்று நான் சொல்ல மாட்டேன். ஒருத்தி தலையில் மட்டும் அதை வைத்த எங்கள் அனைவருடையதும்தான்.

ஆகவே பள்ளியோ சங்கமோ பெயரைப் பதிவு செய்தால் நிறுவனத்தின் பொதுவான மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டும். அதைத் திறக்கக்கூடியவர் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் நாளை அலுவலக நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதித் தொங்கவிட வேண்டும். மின்சாரக் கட்டணத்தை மறக்காத நாம் இதை மட்டும் ஏன் மறக்கிறோம்? விளக்கு அணைந்தால் இருட்டில் உட்கார்ந்திருப்பது நாம். தளம் மறைந்தால் நமக்குத் தெரிவதேயில்லை.

அடுத்தது இடம். இதற்கு மாத வாடகையோ ஆண்டு வாடகையோ உண்டு. இலவசமாக இடம் தருவோரும் இருக்கிறார்கள். கற்றுக்கொள்பவர்களுக்கு அதுவே போதும். ஆயினும் இலவசமாகக் கிடைத்த மனையின் பட்டா நம் பெயரில் இல்லை என்பதை மறவாதீர்கள். 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்னும் சேவையில் உலகெங்கும் பல இலட்சம் பேர் இலவசமாகப் பக்கங்கள் அமைத்தனர். தமிழர்களும் கதை, கவிதை, ஊர் வரலாறு என்று எழுதி வைத்தனர். 1999-இல் யாஹூ நிறுவனம் அதை விலைக்கு வாங்கிற்று; 2009 அக்டோபரில் மூடிவிட்டது. தொண்டர்கள் சிலர் ஓடி ஓடி நகலெடுத்துக் காப்பாற்றியவை போக மற்றவை போனவைதாம். முன்னறிவிப்பு கொடுத்துத்தான் மூடினார்கள். ஆனால் எழுதி வைத்துவிட்டு மறந்தவர்களுக்கு அறிவிப்பு எப்படி எட்டும்?

இனிக் கட்டடத்துக்கு வருவோம். ஒரு வலைப்பக்கம் என்பது சாதாரண எழுத்துக் கோப்புதான். அதை எழுதும் மொழிக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். மொழி என்று பெயரே தவிர, உங்கள் தமிழாசிரியை கட்டுரைத் தாளின் ஓரத்தில் 'இது தலைப்பு', 'இங்கே புதிய பத்தி' என்று எழுதுகிறாரே, அதைப் போன்ற குறிப்புகளே அதில் உள்ளவை. குறிப்புகளைக் கோண அடைப்புக்குள் எழுத வேண்டும். தலைப்புக்கு எச் என்ற எழுத்தும் 1 என்ற எண்ணும். பத்திக்குப் பி என்ற எழுத்து. மற்றொரு பக்கத்துக்கு இணைப்புத் தர ஏ என்ற எழுத்து. தொடங்கிய குறிப்பை முடிக்கும்போது ஒரு சாய்கோடு சேர்க்க வேண்டும். திறந்த கதவைச் சாத்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று குறிப்புகளை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரத்தில் முதல் பக்கத்தை எழுதிவிடலாம். தளத்தின் முதல் பக்கத்துக்கு 'இண்டெக்ஸ்' என்று பெயர் வைப்பது வழக்கம். வாசகர் கதவைத் தட்டியதும் சர்வர் எடுத்து நீட்டுவது அந்தக் கோப்பைத்தான்.

குறிப்புகளே எழுதாமல் படிவம் நிரப்புவது போலப் பக்கம் அமைக்க வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் உள்ளன. வேர்ட்பிரஸ் 2003-இல் வந்தது, இலவசம், தமிழிலும் இயங்கும். தொடக்கக்காரர்களுக்கு மிகவும் வசதி. ஆனால் அது கறவை மாடு மாதிரி. தினமும் கவனிக்க வேண்டும். மென்பொருளுக்கும் அதனுடன் சேர்த்த துணைக் கருவிகளுக்கும் அடிக்கடி புதிய பதிப்பு வரும். பழைய பதிப்பில் உள்ள ஓட்டைகளைத் திருடர் உலகெங்கும் தானியங்கிக் கருவிகளை வைத்துத் தேடிக்கொண்டே இருப்பார்கள். வாரம் ஒரு முறை பார்க்க ஆள் இல்லாத இடத்தில், வெறும் எச்.டி.எம்.எல். பக்கங்களே மேல் என்பது என் கருத்து. இதை ஒப்புக்கொள்ளாத கணினி ஆசிரியர்களும் உண்டு.

தமிழில் எழுதும் நமக்கு இன்னொரு பாடம் முக்கியம். கணினி எழுத்துகளை எண்களாகவே அறியும். எந்த எண் எந்த எழுத்து என்பதில் எல்லோரும் ஒத்துப்போக வேண்டும். தொடக்க காலத்தில் தமிழுக்கு அந்த ஒற்றுமை இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் எழுத்தின் உருவத்தைப் பொருத்தி ஆளுக்கொரு எழுத்துரு செய்தார்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லையேல் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குவியலாகத் தெரியும். அந்தத் தடைகளுக்கு நடுவிலும், 1995 அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழித் தொகுப்பு ஒன்று வலையில் ஏறியபோது அதில் தமிழும் இடம்பெற்றது. அதற்கு உழைத்தவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஒரு விசைப்பலகை முறையைத் தரப்படுத்தியது. 'தமிழ் 99' என்று நீங்கள் பழகுவது அதுதான். அதே ஆண்டில், தம் ஐம்பதுகளிலேயே, கோவிந்தசாமி மறைந்தார்.

இன்று உலகம் முழுவதும் ஏற்றிருப்பது யூனிகோடு. 1991-இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. வலையில் அதை யு.டி.எஃப்-8 என்ற முறையில் சேமிக்கிறோம். அம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு. 'சேலம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என ஐந்து குறிகள். ஆகப் பதினைந்து பைட்டு. 'நாமக்கல்' எத்தனை? நீங்களே எண்ணிப் பாருங்கள்; இருபத்துநான்கு வர வேண்டும். வராவிட்டால் புள்ளிகளை எண்ண மறந்திருப்பீர்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் 'இது யு.டி.எஃப்-8' என்றும் 'இதன் மொழி தமிழ்' என்றும் இரண்டு வரி எழுதி வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால், பார்ப்பவர் திரையில் தமிழுக்குப் பதில் கிறுக்கல் தோன்றக்கூடும். 'தமிழ்' என்று மொழியைக் குறித்து வைத்தால், பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் கருவியும் தமிழ் உச்சரிப்பிலேயே படிக்க ஏதுவாகும்.

இவற்றையெல்லாம் கருத்தோடு செய்து, கால் நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்து நிற்கும் தமிழ்த் தளம் ஒன்றை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். மதுரைத் திட்டம் என்பது அதன் பெயர். பெயரில்தான் மதுரை. அதைத் தொடங்கியவர் முனைவர் கு. கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணிபுரிந்த வேதியியல் அறிஞர். வலை பிறந்த ஜெனீவாவுக்கும் லோசானுக்கும் உள்ள தூரம், சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்! கணினியில் தமிழ் எழுத 'மயிலை' என்னும் எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கியவரும் அவரே. அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் துணை நின்றார். 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளன்று திட்டம் தொடங்கியது. தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சிட்டு, யாரும் இலவசமாகப் படிக்கும்படி வலையில் வைப்பதே நோக்கம். அவர்கள் வரிசையில் முதல் எண் திருக்குறளுக்கு. இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே உள்ளன.

அவர்களிடம் பெரிய அலுவலகம் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஒரு நாட்டில் இருப்பவர் ஒரு நூலைத் தட்டச்சிடுவார். வேறொரு நாட்டில் இருப்பவர் பிழை திருத்துவார். பின்னர் தளத்தில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் தட்டச்சிட்டவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் நன்றியுடன் குறிக்கப்படும். முன்பு சொன்ன எழுத்துருக் குழப்பம் அவர்களையும் விடவில்லை. தொடக்கத்தில் ஒரு குறியீட்டு முறை, அடுத்து 'டிஸ்கி' எனப்படும் முறை, பின்பு யூனிகோடு என்று மாறி வந்தார்கள். மாறும் ஒவ்வொரு முறையும் பழைய நூல்களைப் புதிய முறைக்கு மாற்றும் வேலை. அன்றைக்குத் தொடங்கிய எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள் அந்த மாற்றத்தைச் செய்ய ஆளின்றி அப்படியே கிடந்து மறைந்தன.

அந்தக் கோப்புகளின் தலைப்பில் இன்னொரு குறிப்பும் உண்டு. இத்தலைப்பை நீக்காமல் வைத்திருந்தால் இக்கோப்பை யாருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம் என்பது அதன் கருத்து. இதை முதன்முதலில் படித்தபோது பெருந்தன்மை என்று மட்டும் நினைத்தேன். எங்கள் பேட்டிகள் தொலைந்த பிறகுதான் அதிலிருக்கும் புத்திசாலித்தனம் விளங்கியது. ஆயிரம் பேரிடம் நகல் இருக்கும் நூலை எந்தச் சர்வர் பழுதும் அழிக்க முடியாது.

பிறர் எழுதியதை நாம் நினைத்தபடி வலையில் ஏற்றலாமா என்று கேட்பீர்கள். கூடாது. நம் நாட்டுச் சட்டப்படி ஒரு நூலின் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு வரை நீடிக்கும். சினிமாப் பாட்டு, பத்திரிகைப் படம் ஆகியவற்றைக் கேட்காமல் எடுத்து ஒட்டுவது, அடுத்த வீட்டு மல்லிகைப் பந்தலில் பூப்பறிப்பது போன்றதே.

தளத்தைக் காப்பது என்றால் மறையாமல் வைத்திருப்பது மட்டுமன்று. அதிலுள்ள செய்தி அன்றன்றைக்கு உண்மையாக இருக்க வேண்டும். கோழிப்பண்ணை வைத்திருப்போர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 1982-இல் தொடங்கப்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நாமக்கல் உள்ளிட்ட மண்டலங்களின் முட்டை விலையைத் தன் தளத்தில் தேதி வாரியாக வெளியிடுகிறது. நேற்றைய விலை இன்றைய தேதியில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். சில செய்திகளோ மெல்ல மெல்லப் பழையதாகும். நாமக்கல் 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டம். அதற்கு முன் அச்சான நூலில் 'சேலம் மாவட்டம், நாமக்கல்' என்று இருந்தால் பிழையில்லை. அதைப் பார்த்து இன்று வலையில் அப்படியே எழுதினால் பிழை. ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியைப் போடுங்கள்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய அந்த நிறுவனம்தான் 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்னும் முதல் தமிழ் வண்ணப் படத்தை எடுத்தது. இன்று வளைவு நிற்கிறது. உள்ளே ஸ்டூடியோ இல்லை. பல வலைத்தளங்கள் இப்படித்தான். முகப்பு அழகாக இருக்கும். உள்ளே எந்த இணைப்பை அழுத்தினாலும் 'பக்கம் கிடைக்கவில்லை' என்று வரும். ஒரு பக்கத்தின் பெயரையோ இடத்தையோ மாற்றும்போது அதைச் சுட்டும் இணைப்புகளையும் மாற்றாததே காரணம். பருவத்துக்கு ஒரு முறை இரண்டு மாணவியர் உட்கார்ந்து எல்லா இணைப்புகளையும் அழுத்திப் பார்த்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும்.

படங்களில் சிக்கனம் வேண்டும். இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு படம் மூன்று நான்கு மெகாபைட்டு இருக்கும். 1330 குறளும் சேர்ந்தே அரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அதாவது ஒரு படம் பிடிக்கும் இடத்தில் எட்டுத் திருக்குறள் வைக்கலாம்! நெடுஞ்சாலை ஓரத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் லாரியை நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திறக்கும் ஒரு தந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். படத்தின் அகலத்தை 1200 புள்ளிகளுக்குக் குறைத்துச் சேமித்தால் பெரும்பாலும் 200 கிலோபைட்டு அளவில் முடிந்துவிடும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. படத்தில் இருப்பது என்ன என்பதை ஒரு வரியில் எழுதியும் வைக்க வேண்டும்.

படங்களைப் பற்றிப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஆண்டு மலரில் அச்சாகும் படத்தைச் சில நூறு குடும்பங்கள் பார்க்கும். வலையில் வைக்கும் படத்தை யார் பார்ப்பார், யார் எடுப்பார், எடுத்து என்ன செய்வார் என்று எவராலும் சொல்ல முடியாது. பிள்ளையின் முகம், முழுப் பெயர், வகுப்பு, ஊர், ஏறும் பஸ் ஆகிய ஐந்தும் ஒரே பக்கத்தில் சேர்ந்தால், அவளை வழியில் நிறுத்திப் பெயர் சொல்லி அழைக்க அந்நியர் ஒருவருக்கு வேறெதுவும் வேண்டாம். 2023-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. குழந்தையின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துப் பெற வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நாம் செய்ய வேண்டியது அதுவே. பரிசு பெற்ற மகளின் படம் தளத்தில் இல்லையே என்று சில தாய்மார் வருந்துவது எனக்குத் தெரியும். படத்தின் நகலை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம். பூஜையறையிலோ கூடத்திலோ மாட்டிக்கொள்ளுங்கள்.

தளத்தின் பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும். பொறுப்பாளர் மாறும் நாளிலேயே அதையும் மாற்றிவிட வேண்டும். முகவரியின் தொடக்கத்தில் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று இருந்தால் வாசகருக்கும் தளத்துக்கும் இடையே செல்வதை நடுவில் யாரும் படிக்க முடியாது. அதற்கான சான்றிதழை இலவசமாகவே பெறலாம்; காலாவதியாகும் முன் தானே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்துவிடுவது நல்லது. தளம் முழுவதையும் மாதம் ஒரு முறை நகலெடுத்து, ஒன்றைப் பள்ளிக் கணினியிலும் ஒன்றைப் பள்ளிக்கு வெளியே வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும். நகல் எடுத்தால் மட்டும் போதாது. அது திறக்கிறதா என்று எப்போதாவது திறந்து பார்க்க வேண்டும். பரணில் வைத்த அரிசியைப் பார்க்காமலே விடுவோமா?

இப்போது அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் வருகிறேன். அவள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. விடுமுறையில் அவளும் அவளுடைய தோழிகள் மூவரும் கணினி அறைக்கு வந்து பழகினார்கள். முதல் பக்கத்தில் நிறமும் மின்னும் எழுத்துகளுமாக நிரப்பி வைத்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவளே எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். கவிதை, கீழே 'பத்தாம் வகுப்பு மாணவி' என்னும் ஒரு வரி, அதன் கீழே சரிபார்த்த தேதி. கோப்பின் அளவு நான்கு கிலோபைட்டுக்குள் இருந்தது. தந்தை நாக்பூருக்கு அப்பால் ஒரு தாபாவில் அதைத் திறந்து படித்துவிட்டு, இரண்டாவது அடியில் ஓர் ஒற்று விட்டுப் போயிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னாராம். அன்றே திருத்தித் தேதியையும் மாற்றினாள்.

கணினி அறையின் அலமாரியில் நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறோம். பெயர் புதுப்பிக்கும் நாள், இடத்துக்கு வாடகை கட்டும் நாள், நகல் எடுத்த நாள், திருத்தியவர் கையொப்பம் என்று கோடு போட்டுப் பத்திகள் பிரித்திருக்கிறது. பாஸ்வேர்டு மட்டும் அதில் இல்லை. அது முத்திரையிட்ட உறையில் தலைமையாசிரியை சிஸ்டரிடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்துச் செல்பவர்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் இருவருக்கு அந்த நோட்டைக் காட்டி, ஒரு முறை கூடவே இருந்து எல்லாவற்றையும் செய்ய வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இந்த ஆண்டுக்கு ஒருத்தி கிடைத்துவிட்டாள். இன்னும் ஒருத்தி வேண்டும். விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமை பத்து மணிக்கு வரலாம்.